மலைப்பாதையில் ஓர் அவை வணக்கம்

முன்னால் போகிறவனுக்குப் பின்னால் வருகிறவன் வருகிறானா, நின்றுவிட்டானா என்று தெரிய வேண்டும். உத்தமபாளையத்தில் இரும்புக் கடை வைத்திருக்கும் சிக்கந்தர் கேட்டது இவ்வளவுதான். கேட்ட இடம்தான் சரியில்லை. அவர் கேட்டது கம்பம் பள்ளத்தாக்கு இருசக்கர நல்லுலா மன்றத்தின் பொதுக்குழுவில்.

மன்றம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிள்களில் கூட்டமாக எங்கேயாவது மலையேறி, அங்கே தின்று, படம் பிடித்துக்கொண்டு இறங்கும் ஆட்கள். ஆனால் அதற்குத் தலைவர் உண்டு, புரவலர் உண்டு, துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர் உண்டு; கொடிக்கு ஒரு பொறுப்பாளர், சாப்பாட்டுக்கு ஒரு பொறுப்பாளர், இவர்கள் இரண்டு பேரையும் மேற்பார்வை பார்க்க ஒரு ஒருங்கிணைப்பாளர் உண்டு. பதவி இல்லாதவர்கள் சிக்கந்தரும் அவருடைய சிநேகிதன் முத்துராஜாவும் மட்டும்தான். கூட்டத்தில் கை தட்டவும் ஆள் வேண்டும் அல்லவா என்று இரண்டு பேரையும் அப்படியே விட்டு வைத்திருந்தார்கள்.

முத்துராஜாவுக்குச் சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம். வண்டி பழையது. அவனும் விரட்டி ஓட்டுகிற ஆள் இல்லை. வழியில் யாராவது புதிதாகத் திராட்சைப் பந்தல் போட்டிருந்தால் நிறுத்தி இறங்கி, கம்பியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவான். அதனால் எப்போதும் அவன்தான் கடைசி. அவனுக்கு முந்தியவர் சிக்கந்தர். வளைவுக்கு வளைவு வண்டியை ஓரம்கட்டி, கண்ணாடியில் அவனுடைய விளக்கு தெரிகிற வரைக்கும் நிற்பார். தெரிந்ததும் கிளம்புவார். முத்துராஜா பக்கத்தில் வந்தால், "என்ன மாமா, எம்மேல அவ்வளவு பிரியமா, இல்ல உங்க கடைப் பாக்கிக்காக நிக்கிறீகளா" என்பான். பேசிக்கொள்ளாமலே இது பல வருசம் நடந்துவந்தது.

ஒரு தடவை குமுளிக்குப் போனபோது தலைவரின் படம் போட்ட பேனரை முன்னால் கொண்டுபோகும் வேலையைச் சிக்கந்தரிடம் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்து முத்துராஜாவின் வண்டி பஞ்சரானது. மலை அடிவாரத்தில் ஒரு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து கிடந்தான். மேலே மன்றத்தார் பிரியாணி சாப்பிட்டு, 'குடும்பமாய் ஒன்று கூடினோம்' என்று எழுதிப் படம் போட்டார்கள். ஒரு பொட்டலம் மிஞ்சியபோதுதான் ஆள் குறைவது தெரிந்தது. அதையும் சாப்பாட்டுப் பொறுப்பாளர் எடுத்துச் சாப்பிட்டுவிட்டார்.

இதனால்தான் சிக்கந்தர் பொதுக்குழுவில் எழுந்து நின்றார். ஹெல்மெட்டுக்குள் வைத்துப் பேசுகிற கருவி இப்போது எல்லா இடத்திலும் வந்துவிட்டதாம், அதில் நல்லதாக ஒன்றைப் பார்த்து எல்லோரும் வாங்கிக்கொண்டால் என்ன என்றார்.

தலைவர் விஜய்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்குச் சொந்தமாகத் திருமண மண்டபம் இருந்தது. கல்யாணம் இல்லாத நாளில் மன்றக் கூட்டம் அங்கேதான். தன் குரல் உறுப்பினர்கள் ஒவ்வொருவரின் காதுக்குள்ளும் நேரடியாகப் போகும் என்பது அவருக்கு அதுவரை தோன்றியதே இல்லை. அந்த இடத்திலேயே தகவல் தொடர்புத் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. குழுவுக்குத் தலைவர் அவரே. செயலாளர் ஸ்டான்லி. தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்றதை ஆபீசுக்குச் சொன்னாரே தவிர உடம்புக்கு இன்னும் சொல்லவில்லை.

குழு கூடியது. உளுந்த வடையும் டீயும் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தது. மறுபடியும் கூடியது. வடை மாறி போண்டா வந்தது. எண்ணெய்க் கையோடு கருவிகளின் படங்களைப் புரட்டியதில் எல்லாப் படமும் கண்ணாடித்தாள் மாதிரி ஆகிவிட்டது. போன் வழியாகப் பேசிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். மலையில் டவர் கிடைக்காது என்று தள்ளினார்கள். போலீஸ்காரர்கள் வைத்திருப்பதுபோல வாக்கிடாக்கி வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார். அனுமதி வாங்க வேண்டும், அதற்கு ஒருவரிடம் போய் நிற்க வேண்டும், தலைவர் யாரிடமும் போய் நிற்கக் கூடாது என்று அதையும் தள்ளினார்கள்.

கடைசியில் மதுரையிலிருந்து ஒரு கடைக்காரரை வரவழைத்தார்கள். அவர் இரண்டு விதமான கருவிகளைக் கொண்டுவந்தார். முதல் வகையில் எல்லாக் கருவியும் எல்லாக் கருவியோடும் தொடர்பில் இருக்கும். யார் முன்னால் போனாலும் பின்னால் போனாலும் நடுவில் ஒருவர் கழன்று கொண்டாலும் மற்றவர்கள் பேசிக்கொண்டே இருக்கலாம். சிக்கந்தருக்கு உயிர் வந்தது. இதைத்தானே அவர் கேட்டார்.

விஜய்பாண்டி கருவியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல தலைவர் யாரு?"

"அப்படி யாரும் கெடையாது சார். எல்லாம் ஒண்ணுதான்."

"நான் விலகிப் போயிட்டாலும் இவுக பேசிக்கிட்டு இருப்பாகளா?"

"தாராளமா பேசலாம் சார். நீங்க இல்லாதது அவுகளுக்குத் தெரியக்கூடத் தெரியாது," என்றார் கடைக்காரர். அதைத்தான் கருவியின் பெரிய சிறப்பாக அவர் நினைத்திருந்தார் பாவம்.

ஸ்டான்லி கருவியை வாங்கி, மூடி, கடைக்காரரின் பைக்குள் தானே வைத்தார். கட்டுப்பாடான அமைப்புக்கு இது ஒத்துவராது என்றார்.

இரண்டாவது வகை பழையது. அதில் ஒரு கருவி அடுத்த கருவியைக் கைபிடித்த மாதிரி பிடித்துக்கொள்ளும், அது அதற்கடுத்ததைப் பிடிக்கும். நடுவில் ஒரு கை விட்டுப்போனால் அதற்குப் பின்னால் இருக்கிறவர்கள் மொத்தமாக அறுந்து போவார்கள். கடைக்காரரே இதை வேண்டாம் என்றார். மலைப்பாதையில் ஒரு வளைவு மறைத்தாலே அறுந்துவிடும் என்றார். ஆனால் இதில் முதல் கருவி என்று ஒன்று உண்டு. குழு ஒரே மனதாக இதைத் தேர்ந்தெடுத்தது.

அடுத்து, தலைவரின் கருவியைக் கைபிடிக்கப் போவது யாருடைய கருவி என்ற கேள்வி எழுந்தது. புரவலர், பணம் கொடுத்தவன் நான் என்றார். துணைத் தலைவர், பதவிப் பெயரிலேயே துணை என்று இருக்கிறது என்றார். பொருளாளர் வினோத்ராஜ், நகைக்கடைக்காரர், ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டார். அவரைச் சமாதானப்படுத்த ஒரு துணைக் குழு போனது. இப்படியே மழைக்காலம் கழிந்தது. முடிவில் பதவி வரிசையே கருவி வரிசை, கருவி வரிசையே வண்டி வரிசை என்று ஸ்டான்லி எழுதி வாசித்தார். பதவி இல்லாத இருவரும் வாலில் வந்தார்கள். அதில் யாருக்கும் தகராறு இல்லை.

கூடவே இன்னும் இரண்டு விதிகளையும் வாசித்தார். ஒன்று, இனி யாரும் வளைவில் நின்று கண்ணாடியில் பின்னால் வருகிறவரைப் பார்க்கக் கூடாது. அது மன்றம் தேர்ந்தெடுத்த கருவியை நம்பாத செயல். மற்றொன்று, கருவியில் பேசும் உறுப்பினர் எவரும் முதலில் அவை வணக்கம் சொல்லிவிட்டுத்தான் செய்தியைச் சொல்ல வேண்டும். ஒரு உறுப்பினர் பேசி முடிக்கும் வரை மற்றவர் குறுக்கிடக் கூடாது.

சிக்கந்தர் எழுந்தார். "அய்யா, ஆத்திர அவசரம்னா என்ன செய்ய?"

"அவசரத்துலதான் ஒருத்தரோட தராதரம் தெரியும், சிக்கந்தர்," என்றார் ஸ்டான்லி. எல்லோரும் கை தட்டினார்கள். முத்துராஜாவும் தட்டினான். அது அவன் வேலை.

சோதனை ஓட்டம் கம்பத்திலிருந்து கூடலூர் வரை நடந்தது. கருவி யார் வாயில் சத்தம் வருகிறதோ அவர் பக்கம் தானாகத் திறந்துகொள்ளும். காலையில் ஆட்டுக்கால் சூப் குடித்துவிட்டு வந்திருந்த தலைவர் ஏப்பம் விட்டார்; அது எல்லாருடைய ஹெல்மெட்டுக்குள்ளும் போய் நின்றது. அவர் தொண்டையைக் காறினார். காறியதை எங்கே துப்புவது என்று யோசித்ததுகூடக் கேட்டது. ஒரு மனுசனை இவ்வளவு பக்கத்தில் வைத்துக் கேட்கும்படி சிக்கந்தர் எந்தக் காலத்தில் விண்ணப்பம் போட்டார்? தலைவர் உரை ஆற்றினார். வழியில் தெரியும் தென்னந்தோப்புகளில் தன் மாமனாருக்குச் சொந்தமானவை எவையெவை என்று விளக்கினார். நன்றி சொன்னார்கள். நன்றிக்கு நன்றி சொன்னார்.

கூடலூருக்கு முன்னால் ஒரு மாடு சாலையைக் கடந்தது. மற்றவர்கள் தலைவரின் வர்ணனைக்குத் தக்கபடி இடதுபக்கத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்க, மாட்டைப் பார்த்தவன் முத்துராஜாதான். கடைசியில் வந்தவனுக்குச் சாலை முழுக்கத் தெரிந்தது.

"மாடு, மாடு, மாடு," என்று கத்திவிட்டான்.

துணைத் தலைவர் பிரேக் பிடித்தார். மாடு பிழைத்தது, அவரும் பிழைத்தார். அடுத்த கூட்டத்தில் முத்துராஜாவிடம் விளக்கம் கேட்டார்கள். கேட்கச் சொல்லி முன்மொழிந்தவர் துணைத் தலைவர்.

அவை வணக்கம் சொல்லாமல் தலைவர் பேச்சின் நடுவே மாடு என்று கத்தியது யாரைக் குறித்து என்று சிலர் சந்தேகப்படுவதாக ஸ்டான்லி வருத்தத்தோடு சொன்னார். விஜய்பாண்டி பெருந்தன்மையாகக் கையை உயர்த்தினார்.

"தம்பி முத்துராஜா, நான் கோவப்படல. ஒண்ணு மட்டும் யோசிச்சுப் பாரு. மாடு ரோட்டுல என்னைக்கும் நிக்கும். எனக்குத் தலைவர் பதவி இன்னும் ஒரு வருசந்தான்."

முத்துராஜா மன்னிப்புக் கேட்டான். அவை வணக்கத்தை மனப்பாடம் செய்து அடுத்த கூட்டத்தில் ஒப்பிக்க வேண்டும் என்று முடிவானது. அவன் இதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளவில்லை. எதையும் விளையாட்டாக்கிக்கொள்கிற ஆள். தோட்டத்தில் கவாத்து வெட்டும்போது சொன்னான். குளிக்கும்போது தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே சொன்னான்: "மதிப்பிற்கும் மாண்பிற்கும் உரிய தலைவர், உலாச் செம்மல் அண்ணன் விஜய்பாண்டி அவர்களே, வாரி வழங்கும் புரவலர் அவர்களே, ஆற்றல்மிகு துணைத் தலைவர் அவர்களே, அயராது உழைக்கும் செயலாளர் அய்யா ஸ்டான்லி அவர்களே, நாணயத்தின் இருப்பிடமாம் பொருளாளர் அண்ணன் வினோத்ராஜ் அவர்களே…" ஆளுக்கு ஒரு சொம்பு.

சிக்கந்தர் ஒரு நாள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவன் மனைவி பாண்டீஸ்வரி சிரித்துக்கொண்டே முறையிட்டாள். "கேளுங்கண்ணே. சோறு வேணும்னாலும் இதச் சொல்லிட்டுத்தான் கேக்குறாக. எனக்கே மனப்பாடமாயிருச்சு. அந்தச் செம்மலு எங்கயாச்சும் வந்து நின்னா நானே மால போட்டுருவேன் போல."

கருவி வந்த பிறகு மன்றத்தின் முதல் பெரிய உலா மேகமலைக்கு. சின்னமனூரில் தேங்காய் உடைத்துக் கிளம்பினார்கள். மலைப்பாதையில் ஏறினால் கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர் எழுதிய பலகை. முந்தின இரவு மழை பெய்து சாலையில் சருகு நனைந்து ஒட்டிக் கிடந்தது. தலைவர் முதல் வளைவிலிருந்தே பேசிக்கொண்டு வந்தார். போன் டவர் போய்விட்டது. அவர் குரல் மட்டும் போகவில்லை.

பாதி மலையில் முத்துராஜாவின் குரல் கேட்டது. அவை வணக்கம் சொல்லித்தான் ஆரம்பித்தான். சிறுநீர் கழிக்க நிற்கலாமா என்று கேட்க வேண்டுமென்றாலும் அவன் அதைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். அடிவாரத்தில் அப்படித்தான் கேட்டான். அதனால் எல்லோரும் மறுபடியும் எங்கேயோ நிறுத்தத்தான் கேட்கிறான் என்று நினைத்தார்கள். சிக்கந்தரும் அப்படித்தான் நினைத்தார். கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறானே, ஒவ்வொரு 'அவர்களே'வுக்கும் மூச்சு வாங்குகிறானே என்று பட்டது. ஏற்றம் அல்லவா என்றும் பட்டது. கண்ணாடியில் பார்த்தார். விளக்கு இல்லை. நிற்க எண்ணி வேகத்தைக் குறைத்தார். அதற்குள் வண்டி வளைவைத் தாண்டிவிட்டது.

"அயராது உழைக்கும் செயலாளர் அய்யா ஸ்டான்லி அவர்களே," என்றான் முத்துராஜா. அதோடு குரல் அறுந்தது.

பொருளாளர் தன் பெயருக்காகக் காத்திருந்தார்.

"மாப்ள," என்றார் சிக்கந்தர். "ஏலே மாப்ள, என்னலே ஆச்சு?"

"உறுப்பினர் பேச்சு இன்னும் முடியல. குறுக்கிடாதீக," என்றது ஸ்டான்லியின் குரல். "அவை வணக்கமும் சொல்லாமப் பேசுறீக. இது யாரு, சிக்கந்தரா?"

சிக்கந்தர் வண்டியைத் திருப்பினார். வரிசையை விட்டு விலகத் தலைவரின் ஒப்புதல் வேண்டும் என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்த குரல் இரண்டாவது வளைவில் தேய்ந்து நின்றது. அதன் பிறகு மலையின் சத்தம் மட்டும்தான். எந்த வளைவு என்று தெரியாது. செய்தியைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும், அதைச் சொல்லும் இடத்துக்கு அவன் வந்து சேரவில்லை. ஒவ்வொரு பூவாக நிறுத்தி இறங்கிப் பள்ளத்தை எட்டிப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கீழே வந்தார்.

சருகில் வழுக்கிய தடம் ஓரக்கல்லைத் தாண்டிப் போயிருந்தது. கீழே தேயிலைச் செடிகளுக்கு நடுவே வண்டி கிடந்தது. வண்டிக்கு அடியில் முத்துராஜா இருந்தான். ரத்தம் அதிகம் இல்லை, உள்ளே போய்க்கொண்டிருந்தது. சிக்கந்தர் வண்டியைத் தூக்கித் தள்ளிவிட்டு அவன் தலையை மடியில் வைத்தார்.

"மாமா," என்றான். "ஸ்டான்லி வரைக்கும் வந்துட்டேன். அப்புறம் காதுல சத்தமே இல்ல. யாருமில்லன்னு நிறுத்திட்டேன்." உதடு சிரிக்கப் பார்த்தது. "பொருளாளர் கோவிச்சுக்குவாரு."

எஸ்டேட் ஜீப் ஒன்று வந்தது. ஏற்றினார்கள். சின்னமனூர் வந்து சேருவதற்கு முன்பே சிக்கந்தரின் மடியில் பாரம் வேறு மாதிரி ஆகிவிட்டது. மன்றத்தார் மேலே போய்ச் சேர்ந்து, கொடியேற்றி, இருவர் குறைவதைக் கவனித்து, அவை வணக்கத்தோடு அது பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

அடக்கம் முடிந்த பிறகு பாண்டீஸ்வரி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கடைசியா மைக்குல என்னண்ணே சொன்னாக?"

சிக்கந்தரால் பொய் சொல்ல முடியவில்லை. "வணக்கந்தான் ஆத்தா. செயலாளர் பேரு வரைக்கும்." அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

இரங்கல் கூட்டம் மண்டபத்தில் நடந்தது. வாசலில் பேனர். அதில் முத்துராஜாவின் படத்தைவிடத் தலைவர் வருந்தும் படம் பெரிதாக இருந்தது. 'மரபு காத்த மாமணி' என்று எழுதியிருந்தார்கள். பன்னீர் தெளித்தார்கள். மேடையில் நாற்காலிகள் பதவி வரிசைப்படி. சமையற்கட்டில் போண்டா வேகும் வாசனை வந்தது. அன்றைக்குப் பிறகு சிக்கந்தர் போண்டா தின்னவே இல்லை.

விஜய்பாண்டி பேசினார். பேசும்போது தேம்பினார், தேம்பல் நடிப்பு இல்லை என்பதுதான் பார்க்க இன்னும் அருவருப்பாக இருந்தது.

"வண்டி மேல கெடக்கு. இடுப்பு ஒடைஞ்சிருச்சு. அந்த நேரத்துல ஒருத்தன் பெத்தவகளக் கூப்பிடுவான், கட்டுனவளக் கூப்பிடுவான். முத்துராஜா யாரக் கூப்பிட்டான்? என்னையக் கூப்பிட்டான். அடைமொழி ஒண்ணு விடல. உலாச் செம்மல்னு சொல்லித்தான் கூப்பிட்டான். இதுக்கு மேல ஒரு தலைவனுக்கு என்ன வேணும்?"

கை தட்டினார்கள். இரங்கல் கூட்டம் என்பது நினைவுக்கு வந்து பாதியில் நிறுத்தினார்கள்.

ஸ்டான்லி தீர்மானம் வாசித்தார். நடந்ததிலிருந்து மன்றம் பாடம் கற்றுக்கொண்டுவிட்டது. இனி உயிருக்கு ஆபத்தான நேரத்தில் உறுப்பினர் முழு அவை வணக்கம் சொல்லத் தேவையில்லை. தலைவர் பெயரும் செயலாளர் பெயரும் சொன்னால் போதும். இந்தச் சுருக்க வணக்கத்துக்கு முத்துராஜா வணக்கம் என்று பெயர் வைக்கப்படுகிறது. இதில் தன் பெயர் விடுபட்டது பற்றிப் பொருளாளர் எழுந்து ஒரு திருத்தம் கொடுத்தார். அதை ஆராயக் குழு அமைத்தார்கள்.

அதன் பின் பாண்டீஸ்வரியை மேடைக்கு அழைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ எடுக்கிறவர் இன்னொரு முறை போர்த்தச் சொன்னார். இன்னொரு முறை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தார் ஸ்டான்லி. கொடுக்கும்போது காதோரம் குனிந்து, அவை வணக்கம் சொல்லி ஆரம்பிக்க வேண்டும், தெரியாவிட்டால் எழுதித் தருகிறேன் என்றார்.

"தெரியும்," என்றாள்.

சிக்கந்தர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவள் அழுவாள் என்று நினைத்தார், இல்லை ஏசுவாள் என்று நினைத்தார். அவள் மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்து, அவசரமே இல்லாமல், சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றுகிற அதே இடைவெளி விட்டுச் சொன்னாள்.

"மதிப்பிற்கும் மாண்பிற்கும் உரிய தலைவர், உலாச் செம்மல் அண்ணன் விஜய்பாண்டி அவர்களே."

விஜய்பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுந்து கும்பிட்டு உட்கார்ந்தார்.

"வாரி வழங்கும் புரவலர் அவர்களே." புரவலர் கும்பிட்டார்.

"ஆற்றல்மிகு துணைத் தலைவர் அவர்களே." மாட்டிடமிருந்து தப்பியவர் கும்பிட்டார்.

"அயராது உழைக்கும் செயலாளர் அய்யா ஸ்டான்லி அவர்களே."

ஸ்டான்லி கும்பிட்டார். அவருக்கு அடுத்த நாற்காலியில் பொருளாளர் வினோத்ராஜ் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் பாதி சேர்த்து நெஞ்சுவரை உயர்த்தி வைத்துக்கொண்டார்.

பாண்டீஸ்வரி மைக்கை மேசை மேல் வைத்தாள். தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து மடித்து அதன் பக்கத்தில் வைத்தாள். படி இறங்கி, நடுப்பாதை வழியாக வாசலைப் பார்த்து நடந்தாள். சிக்கந்தர் எழுந்து பின்னால் போனார். யாரோ நாற்காலியை நகர்த்தி எழப் பார்த்த சத்தமும், ஸ்டான்லி தணிந்த குரலில், "பேச்சு இன்னும் முடியல, உக்காருங்க," என்றதும் கேட்டன.

வெளியே அவர் வண்டியை எடுத்தார். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். சாலையில் ஏறும் முன் சிக்கந்தர் பழக்க தோசத்தில் கண்ணாடியைப் பார்த்தார். மண்டபத்தின் கதவுகள் விரியத் திறந்திருந்தன. உள்ளே அத்தனை பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பொருளாளரின் கைகள் இன்னும் இறங்கவில்லை.